எதிர் ஜன்னல் ஆட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒளிந்து பார்த்தது உண்மைதான். ஆனால் அது என் தப்பில்லை, கட்டடம் கட்டியவனின் தப்பு. எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் எதிர்க் கட்டடத்து நடன வகுப்பின் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு குறுகிய சந்துதான். பாத்திரம் தேய்க்க நின்றால் அவர்கள் ஹால் முழுக்கத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு பாத்திரம் தேய்க்க எனக்கு வராது.

அந்த வகுப்பில்தான் பம்பரம் ஆடினாள். சுற்ற ஆரம்பித்தால் நிற்கவே மாட்டாள் என்பதால் நானும் என் மகளும் வைத்த பெயர் அது. என் மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. காரணம் சொல்லத் தேவையில்லை. அவள் கற்றுக்கொள்வது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வேறொரு வகுப்பில். ஆண்டுதோறும் நடக்கும் நடனப் போட்டியில், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில், பம்பரம் முதலாவது, வாலு இரண்டாவது. ஒரு வருடமல்ல, மூன்று வருடமாக இதே கதை. எங்கள் அலமாரியில் ஒரே அளவில் மூன்று சின்னக் கோப்பைகள் நிற்கும். வீட்டுக்கு வருபவர்கள் டம்ளர் செட் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த வருடம்தான் கடைசி வாய்ப்பு. அடுத்த மாதம் வாலுவுக்குப் பன்னிரண்டு வயது. அப்புறம் அவள் பெரிய பிள்ளைகளோடு மோத வேண்டும், அங்கே அவள் மற்றவர்களின் இடுப்பு உயரத்துக்குத்தான் வருவாள். முதலாவது வருபவர் மட்டும்தான் தலைநகரில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குப் போக முடியும். அந்த மேடையின் வீடியோவை வாலு என் போனில் எத்தனை முறை பார்த்தாள் என்று எனக்கே தெரியாது. "மேடை எவ்வளவு பெருசு பாரும்மா, நாலு சுத்து சுத்துனாலும் ஓரம் வராது" என்பாள்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "மேல போறதும் கீழ வர்றதும் சகஜம்தானே, ஏன் இப்படி அலட்டிக்கிற?" என்று கேட்டார்.

"ரெண்டாவது மாடியிலேயே மூணு வருஷமா மாட்டிக்கிட்டு நிக்குதே, அதை ரிப்பேர் பண்ணுங்க முதல்ல" என்றேன்.

ஆகவே செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு நாங்கள் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு வேவு பார்த்தோம். எதிரி என்ன செய்கிறாள் என்று தெரிந்துகொண்டால் நல்லதுதானே என்று வாலுவிடம் சொன்னேன். அங்கே பிள்ளைகள் எதிர்ச்சுவர்க் கண்ணாடியைப் பார்த்து ஆடுவார்கள். எங்களுக்கு முதுகு தெரியும். பாட்டு கேட்காது. இருந்தும் இரண்டே வாரத்தில் வாலுவுக்கு பம்பரத்தின் ஆட்டம் முழுக்க மனப்பாடமாகிவிட்டது. பல் தேய்க்கும்போது அதை ஆடினாள், காலுறை போடும்போது ஆடினாள். "உன் ஆட்டத்தை ஆடுடி!" என்று கத்தினால், "இது நல்லாருக்கும்மா" என்பாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அதிலும் அது நன்றாக இருந்ததுதான் கூடுதல் எரிச்சல்.

போட்டி நாள் காலையில் அரங்கத்தில் வழக்கமான கூத்து. ஒப்பனை அறையில் ஊசியைக் காணோம், கொண்டையைக் காணோம், ஒருத்தியின் அப்பாவைக் காணோம். குலுக்கலில் பம்பரத்துக்கு எட்டாவது எண், வாலுவுக்கு ஒன்பது. நான் மூன்றாவது வரிசையில் வலது ஓரத்து நாற்காலியைப் பிடித்தேன். அங்கிருந்து பார்த்தால் மேடையின் இடது பக்கத் திரைக்குப் பின்னால் அடுத்த ஆட்டக்காரி காத்து நிற்பதும் தெரியும். வாலு அங்கே சிவப்பு உடையில், கைகளை உதறிக்கொண்டு நின்றாள்.

பம்பரம் மேடைக்கு வந்தாள். முதல் பாதி அற்புதம். நான் கைதட்டவில்லை, ஆனால் அற்புதம்தான். மூன்றாவது சுற்று முடிந்து, வலது கையை உயர்த்தி நின்றவள், நின்றபடியே நின்றுவிட்டாள். பாட்டு ஓடுகிறது, அவள் நகரவில்லை. நடனக்காரர்கள் எட்டு எட்டாக எண்ணுவார்கள். ஒரு எட்டு போனது. எனக்கு அந்த இடம் தெரியும். அடுத்தது முட்டியை மடக்கித் தரையில் சரிந்து எழ வேண்டும். அவளுக்கு மறந்துவிட்டது.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தலைநகருக்கு எந்தப் பையை எடுத்துப் போவது என்றுகூட ஒரு நொடி யோசித்தேன்.

அப்போது பம்பரம் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். திரைக்குப் பின்னால் சிவப்பு உடை அசைந்தது. வாலு முட்டியை மடக்கினாள், சரிந்தாள், எழுந்தாள். இரண்டாவது எட்டு முடியும்போது பம்பரம் அவளோடு சேர்ந்துவிட்டாள். மேடையில் ஒருத்தி, திரை மறைவில் ஒருத்தி, அச்சு அசலாக ஒரே ஆட்டம். கொஞ்ச தூரம் போனதும் பம்பரத்துக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அரங்கத்தில் பாதிப் பேர், அந்த நிற்றலும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். எங்கள் சமையலறையில் பயின்ற வித்தை எங்களுக்கே ஆப்பு வைத்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

அடுத்து வாலு ஆடினாள். நன்றாகவே ஆடினாள். ஆனால் முடிவு அறிவித்தபோது பம்பரம் எண்பத்தேழரை, வாலு எண்பத்தேழு.

அரை மார்க்!

நான் எழுந்து நேராக வரவேற்பு மேசைக்குப் போனேன். முடிவில் ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நிமிடத்துக்குள் மஞ்சள் படிவத்தில் எழுதித் தர வேண்டும். நான் வேலை பார்ப்பது வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார் பிரிவில். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எட்டு வருடமாக ஊரார் புகாரையெல்லாம் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். எனக்கென்று ஒரு புகார் எழுத இன்றுதான் வாய்ப்பு வந்தது. கை பரபரவென்று ஓடியது. புகார் கொடுப்பவர் பெயர், எழுதினேன். யார்மீது, எட்டாம் எண். என்ன தவறு, 'மேடைக்கு வெளியிலிருந்து உதவி பெற்றார்'. உதவி செய்தவர் பெயர்.

அந்த இடத்தில் கை நின்றது. ஆனாலும் எழுதிவிட்டேன், என் மகளின் முழுப் பெயரை, தெளிவான கையெழுத்தில். அடுத்த கட்டத்தில் 'முழு விவரம்' என்றிருந்தது. உதவி செய்தவளுக்கு அந்த ஆட்டம் எப்படித் தெரியும் என்று அங்கே சொல்லியாக வேண்டும். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். 'பாத்திரம் தேய்க்கும்போது' என்றா எழுத முடியும்?

யோசித்து முடிப்பதற்குள் பம்பரம் வந்துவிட்டாள். ஒரு கையில் கோப்பை, மறு கையில் அவளுடைய மிஸ். வாலுவும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"சார், நான் நடுவுல மறந்துட்டேன்" என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தலைமை நடுவரிடம் பம்பரம் சொன்னாள். "இவதான் சைடுல நின்னு ஆடிக் காட்டினா. அதைப் பாத்துதான் ஆடினேன். அப்ப கப்பு இவளுக்குத்தானே?"

கோப்பையை மேசைமேல் வைத்தே விட்டாள். நான் இன்னும் எழுதி முடிக்காத புகாரை அந்தப் பெண் தன்மேலேயே சொல்லி முடித்துவிட்டாள்.

நடுவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒருமுறை படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"ஆசிரியர் உதவக் கூடாது, பெற்றோர் உதவக் கூடாதுன்னு இருக்கு. போட்டியில எதிர்த்து ஆடறவங்க உதவக் கூடாதுன்னு எங்கயும் இல்லம்மா. அப்படி ஒருத்தர் செய்வாங்கன்னு இதை எழுதினவங்களுக்குத் தோணவே இல்ல போல."

"அப்ப மார்க்கு?" என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நின்ன ரெண்டு எட்டுக்கும் அப்பவே மார்க் குறைச்சாச்சு. குறைச்சது போகத்தான் எண்பத்தேழரை. முடிவு முடிவுதான்."

அதாவது, மறந்து நின்றும் அவள்தான் முதலாவது.

பம்பரத்தின் மிஸ் அதுவரை சும்மா இருந்தவர், வாலுவின் பக்கம் திரும்பினார். "அதெல்லாம் சரி, உனக்கு எங்க ஆட்டம் எப்படித் தெரியும்?"

வாலு என்னைப் பார்த்தாள். நான் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தேன்.

"இவங்க கிச்சன் நம்ம ஹாலுக்கு எதிர்லதான் மிஸ்" என்றாள் பம்பரம், வெகு சாதாரணமாக. "செவ்வா, வியாழன் ரெண்டு பேரும் நின்னு பாப்பாங்க."

"லைட்டை அணைச்சிருந்தோமே!" என்று என் வாய் என்னைக் கேட்காமலேயே சொல்லிவிட்டது.

"நடுவுல ஃப்ரிட்ஜைத் தொறப்பீங்க ஆன்ட்டி. அந்த லைட்டுல நல்லாத் தெரிவீங்க. கண்ணாடியில பாத்துக்கிட்டே இருப்போம்." அவள் வாலுவின் தோளில் கையைப் போட்டாள். "இவ எங்களோட சேந்து ஆடறதும் தெரியும். அதான் மறந்ததும் இவளைப் பாத்தேன். இவளுக்குத்தான் முழுசாத் தெரியும்."

மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். நடுவரும் சிரித்தார். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மஞ்சள் படிவத்தை நாலாக மடித்தேன். மடிப்பதற்கு முன்னால் வாலு அதைப் பார்த்துவிட்டாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நாலு நிறுத்தம் வரை காலால்கூடத் தாளம் போடவில்லை. எங்கள் வீட்டில் அது சாதனை.

"ரொம்ப வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"அந்தப் பேப்பர்ல என் பேர் இருந்துச்சும்மா."

"அது வந்து..."

"திருட்டுப் பண்ணவங்க பேர் மாதிரி எழுதியிருந்தே."

எட்டு வருடத்தில் யார் யாருக்கோ 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று போனில் சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூட அது மனதார வந்ததில்லை. இப்போது மனதார வந்தது, வார்த்தைதான் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தப்பு பண்ணிவிட்டேன் என்று அவளிடம் சொல்ல இன்னும் இரண்டு நிறுத்தம் ஆனது.

"சும்மா நின்னிருந்தா நீதான் முதல்ல வந்திருப்பே. அந்தப் பெரிய மேடைக்குப் போயிருப்பே. அது தோணவே இல்லையா உனக்கு?"

"தோணுச்சு" என்றாள். "ஒரு எட்டு முழுக்கத் தோணுச்சு. ஆனா அவ என்னைப் பாத்தாம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் என் தோளில் சாய்ந்து அழுதாள். மேடை போனதற்குத்தான் அழுதாள், செய்ததற்கு அல்ல. எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, என்னை நினைக்கக் கேவலமாகவும் இருந்தது. பஸ்ஸில் இரண்டையும் ஒன்றாகச் சமாளிப்பது கஷ்டம். மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் கணவர் நாலாவது கோப்பையை அலமாரியில் வைத்துத் துடைத்தார். "செட்டு இப்பத்தான் எடுப்பா இருக்கு" என்றார். வாலு சிரித்துவிட்டாள். சில சமயம் அந்த மனிதர் பரவாயில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. எதிர் ஜன்னலுக்கு இந்நேரம் கனமான திரை போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே வேலையிலிருந்து வந்தேன். போட்டிருந்தாலும் தப்பில்லை. ஆனால் திரை இல்லை. எப்போதும்போல ஹால் பளிச்சென்று தெரிந்தது. பம்பரம் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். இறுதிச் சுற்றுக்கு இன்னும் மூன்று வாரம்தான்.

வாலு வழக்கம்போல விளக்கின் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும்" என்றேன்.

விளக்கு எரிந்தது. நாங்கள் இருவரும் ஜன்னலில் நட்ட நடுவில் நின்றோம். கண்ணாடியில் எங்களைப் பார்த்த பம்பரம், சட்டென்று திரும்பிக் கையை ஆட்டினாள். வாலுவும் ஆட்டினாள். பிறகு பம்பரம் முதலிலிருந்து ஆடத் தொடங்கினாள். இந்த முறை கண்ணாடியைப் பார்த்தல்ல, எங்களைப் பார்த்து.

வாலு கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு எட்டு எட்டாக எண்ணியது. மூன்றாவது சுற்று வந்ததும் நெற்றியைச் சுருக்கினாள்.

"அம்மா, மூணாவது சுத்துல அவளுக்கு இடது கை லேட்டாகுது. போட்டியிலயே பாத்தேன். அங்க அதுக்கு மார்க் போயிடும்."

பாத்திரம் தேய்க்கத் திறந்துவிட்டிருந்த குழாயை மூடினேன். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, வருடக்கணக்கில் திறக்காத ஜன்னல் கதவு அது. தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினேன், திறந்துகொண்டது.

"சத்தமாச் சொல்லு" என்றேன். "அவளுக்குக் கேக்கணும்."