மார்லிஸ் பொருத்திய குறி

பதினாறு வருடம் விடாமல் விண்ணப்பம் போட்ட பிறகு மார்லிஸ் டாஃப்டேயின் பெயர் குலுக்கலில் விழுந்தது. செம்பாறை முகட்டில் ஆண் எல்க் மான் ஒன்றை வேட்டையாட அனுமதி. பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் செய்தியைப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில், தீப்பிடித்துவிட்டதென்று வரிசையில் நின்ற பிள்ளைகள் பாதிப் பேர் வாசலுக்கு ஓடினார்கள்.

மொன்டானாவில் அந்தச் சீட்டு ஒருவருக்கு விழுந்தால் ஊருக்கே விழுந்த மாதிரி. செப்டம்பர் பிறந்ததும் ஆளாளுக்குப் புத்தி சொல்லத் தொடங்கினார்கள். எல்லாப் பேச்சும் ஒரே இடத்தில் வந்து முட்டியது. துப்பாக்கியில் புதுத் தொலைநோக்கி மாட்டியிருக்கிறாளே, அதை எத்தனை கெஜத்துக்குக் குறி பொருத்தப்போகிறாள்? குண்டு போகப்போகத் தாழும் என்பதால், எந்தத் தூரத்தில் அது குறியிலேயே விழ வேண்டும் என்று முன்கூட்டியே திருகி வைத்தாக வேண்டும்.

கணவன் லோவெல்லுக்கு அதில் சந்தேகமே இல்லை. "நூறு கெஜம். எங்கப்பா நூறுதான் வெச்சாரு. வீட்ல கறிக்குப் பஞ்சமே வந்ததில்ல" என்றான். முழங்கால் போனதிலிருந்து அவன் மலை ஏறுவதில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எந்த மலைக்கும் வழி சொல்வான்.

அவன் தம்பி வெர்லின் அதற்கு நேர் எதிர். வெல்டிங் பட்டறை வைத்திருந்தான், வாயிலும் தீப்பொறிதான்.

"அண்ணி, அண்ணன் சொல்றதக் கேட்டா நீங்க மானுக்குக் கையக் குடுத்துட்டுத்தான் சுடணும். அது திறந்த மலை. முந்நூறு வைங்க. நானூறுல நின்னாக்கூட முதுகப் பாத்து அழுத்திட்டு வந்துடலாம்."

"கிட்டக்க நின்னா?"

"கிட்டக்கன்னா கொஞ்சம் மேல போவும். நாலு அங்குலம், அஞ்சு அங்குலம். எல்க் என்ன எலியா? மாட்டுத் தண்டி இருக்கு. எங்கயாவது படும்."

'எங்கயாவது படும்' என்ற சொல் மார்லிஸுக்குப் பிடிக்கவில்லை. காலில் அடிபட்ட மான் ஒன்றின் ரத்தத் தடத்தை இரண்டு நாள் பின்தொடர்ந்து, கடைசியில் பனியில் தொலைத்துவிட்டு வந்தவள் அவள். கல்யாணமான புதிதில் நடந்தது. இன்றும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள்.

அந்தச் சனிக்கிழமை ஒரு கட்டு காகிதத் தட்டுகளோடு ஊருக்கு வெளியே இருந்த சுடுதளத்துக்குத் தனியாகப் போனாள். எல்க்கின் நெஞ்சுக்கூடு அந்தத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது. ஆகவே தட்டில் பட்டால் மான் விழும், தட்டுக்கு வெளியே போனால் சுட்டதே தப்பு. இதுதான் அவள் போட்ட கணக்கு. முதலில் மேசையில் மணல் மூட்டை வைத்து நூறு கெஜத்துக்குக் குறியை நேராக்கினாள். அதன்பின் மேசைப் பக்கமே போகவில்லை. மலையில் யார் மேசை போட்டு வைத்திருக்கப்போகிறார்கள்? தரையில் உட்கார்ந்து, முழங்கால்மேல் முழங்கையை ஊன்றிச் சுட்டாள்.

நூறில் ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழுந்தன. இருநூறில் குண்டு மூன்றரை அங்குலம் தாழ்ந்தது. அதற்கேற்ப மேலே பிடித்தபோது ஐந்தும் தேறின, இரண்டு ஓரத்தை உரசிக்கொண்டு. இருநூற்றைம்பதில் இரண்டு. முந்நூறில் ஒன்று, அதுவும் எப்படிப் பட்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

நாலு வாரம் போனாள். சமையலறை வேலை முடிந்து, ஏப்ரனைக் கழற்றாமலேகூடப் போனாள். இருநூறு நன்றாகக் கைக்கு வந்தது. அதற்கு மேல் எத்தனை தோட்டாவைக் கரைத்தாலும் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் தட்டைத் தாண்டித் தாண்டியே கொண்டுபோயின. கடைசி வாரம் தொலைநோக்கியின் திருகைத் திருப்பி, சுட்டுப் பார்த்து, இருநூறு கெஜத்தில் நச்சென்று விழும்படி வைத்தாள். நூறில் ஒன்றேமுக்கால் அங்குலம்தான் மேலே போனது. அப்படியானால் காலடியிலிருந்து இருநூறு வரை எங்கே நின்றாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தால் போதும், கூட்டலும் வேண்டாம், கழித்தலும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் அதைச் சொன்னதும் அண்ணனும் தம்பியும் ஒரேசமயம் முகம் சுளித்தார்கள். அவர்கள் ஒத்துப்போனது அன்று ஒன்றில்தான்.

"ரெண்டு பேருக்கும் நல்ல பிள்ளையா நடுவுல நின்னுட்டீங்களாக்கும்" என்றான் வெர்லின்.

"நடுவுல நிக்கல. என் கை எதுவரைக்கும் நிக்குதோ அதுவரைக்கும் நிக்கறேன். நீ பட்டாணியத் தள்ளு இந்தப் பக்கம்."

அக்டோபர் கடைசியில் வெர்லினும் அவளும் விடியுமுன் முகடு ஏறினார்கள். முதல் இரண்டு நாள் பழைய சாணியைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் காலை, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், பனி படிந்த புல்வெளியில் பதினைந்து எல்க்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவே ஆண். இரண்டு பக்கமும் ஆறாறு கிளைக் கொம்பு.

வெர்லின் தூரம் காட்டும் கருவியைக் கண்ணில் வைத்தான். "முந்நூத்தி எம்பது. அண்ணி, பக்கத்தக் காட்டிட்டு நிக்குது! முதுகுக்கு மேல ஒரு முழம் பிடிங்க, அழுத்துங்க!"

மார்லிஸ் உட்கார்ந்து தொலைநோக்கி வழியாகப் பார்த்தாள். குறுக்குக் கோடு மானின் தொடையிலிருந்து கழுத்துவரை ஊர்ந்துகொண்டிருந்தது. துப்பாக்கியை இறக்கினாள்.

"முடியாது."

"பதினாறு வருஷம், அண்ணி!"

"தெரியும். நாந்தானே காத்திருந்தேன். நீ இங்கயே கெட. கத்தாத, எழுந்திருக்காத."

காற்று முகத்தில் அடித்தது; நல்லதுதான், அவள் வாடை மான்களுக்குப் போகாது. பின்பக்கமாக இறங்கி, வாய்க்கால் மாதிரி ஓடிய பள்ளத்தில் குனிந்து நடந்தாள், பிறகு தவழ்ந்தாள். கையில் சப்பாத்திக்கள்ளி முள் ஏறியது. ஒரு புதரை எட்டித் தலையைத் தூக்கியபோது, பெண் எல்க் ஒன்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியே உறைந்தாள். கால் மணி நேரம் இருக்கும். மூக்கு ஒழுகியது, துடைக்க வழியில்லை. சிறுநீர் முட்டிய அடிவயிறு வேறு, விட்டுவிடு விட்டுவிடு என்றது. அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது.

ஒருவழியாக அந்தப் பெண் எல்க் தலையைத் தாழ்த்தி மேயத் தொடங்கியது. அதன் பின்னாலிருந்து ஆண் இரண்டு எட்டு வைத்து வெளியே வந்து நின்றது. சரியாக எத்தனை கெஜம் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இத்தனை வாரம் தட்டுகளைப் பார்த்துப் பழகிய கண், இருநூறுக்குள்தான் என்றது. மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். முன்னங்காலுக்குப் பின்னால் கோடு வந்து நின்றது, நகரவில்லை. மூச்சைப் பாதி விட்டு விசையை அழுத்தினாள்.

மான் நாற்பது எட்டு ஓடியது. பிறகு யாரோ காலை வாரிவிட்டதுபோல விழுந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முதலில் புதருக்குப் பின்னால் போய் அடிவயிற்றைச் சமாதானப்படுத்திவிட்டுத்தான் மானிடம் போனாள். கழுத்து மயிரில் கை வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது.

வெர்லின் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். வழியில் அவள் இருந்த புதரில் நின்று, மான் முதலில் நின்ற இடம்வரை அளந்திருந்தான். "நூத்தி எம்பத்தாறு" என்றான். குண்டு போன இடத்தைக் குனிந்து பார்த்தான். "ரெண்டு நுரையீரலும் காலி. சரி அண்ணி, நான் சொன்ன மாதிரி முந்நூறு வெச்சிருந்தாலும் விழுந்திருக்கும்ல?"

"விழுந்திருக்கலாம்."

"நானா இருந்தா அங்கேர்ந்தே சுட்டிருப்பேன்."

"பட்டிருக்குமா?"

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "போன வருஷம் ஒண்ணு படல" என்றான், மெதுவாக. "அண்ணங்கிட்ட சொல்லிடாதீங்க."

அதுவரை யாரிடமும் சொல்லாத கதை அது என்று அவளுக்குப் புரிந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை. கத்தியை எடுத்தாள். "அந்தப் பின்னங்கால இழுத்துப் பிடி. வெயில் ஏறுறதுக்குள்ள தோல உரிக்கணும்."

இறைச்சியை வண்டிக்குக் கொண்டுசேர்க்க இருவருக்கும் மூன்று நடை ஆனது, ஒவ்வொரு நடையும் மூன்று மைல். கடைசிச் சுமையில் வெர்லின் கொம்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பின்னால் வந்த மார்லிஸ், இந்தக் கறியில் முதல் நாள் என்ன சமைப்பது என்று யோசித்தபடி, ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள்.