இருபத்தேழு இடத்தில் ஒரு பெயர்

கோப்பு இரண்டாவது முறையும் திரும்பி வந்தபோது மகேஸ்வரிக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. தப்பு அவளுடையது.

சிதம்பரம் மேலவீதியில் ஜெராக்ஸும் டைப்பிங்கும் செய்துகொடுக்கும் சின்னக் கடை அவளுக்கு. பிறந்த ஊர் கிள்ளை. அங்கே அவளுடைய அத்தை அமராவதியும் இன்னும் முப்பத்துமூன்று பெண்களும் உப்பங்கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, வலை இல்லாமல், கையால் தடவியே இறால் பிடிப்பவர்கள். விடிந்ததிலிருந்து சேற்றில் கிடந்தாலும் மீனவர் என்று சொல்லிக்கொள்ள ஒருத்தியிடமும் ஒரு அட்டை கிடையாது. அதற்காகத்தான் சங்கம். ‘கிள்ளை மீனவப் பெண்கள் உரிமைச் சங்கம்’ என்று அமராவதி பெயர் சொல்ல, மகேஸ்வரி பதினாறு பக்கத்துக்கு விதிமுறைகளை டைப் செய்தாள்.

பதிவு செய்யக் கடலூர் போனார்கள். அலுவலகத்தில் கோப்பு வாங்கும் ஞானசேகரன் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே, “உரிமை கிரிமைன்னுலாம் வேணாம்மா. நலச் சங்கம்னு மாத்திக்கிட்டு வாங்க” என்றார்.

பெயரோ இருபத்தேழு இடத்தில் இருந்தது. பழையதைத் தேடிப் புதியதைப் போடும்படி மகேஸ்வரி கம்ப்யூட்டருக்குச் சொன்னாள். அது ‘சங்கம்’ என்று முடிந்த இடங்களை மாற்றிவிட்டு, ‘சங்கத்தின்’, ‘சங்கத்துக்கு’ என்று முடிந்த நான்கை அப்படியே விட்டுவிட்டது. மூன்றை அவள் கண்ணால் தேடிப் பிடித்தாள். பதினோராம் பக்கத்தில் இருந்த நான்காவதை ஞானசேகரன் பிடித்தார்.

“ஒரே பைல்ல ரெண்டு சங்கமா?” என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு நீட்டினார்.

ஒவ்வொரு பக்கத்திலும் சங்கத்தைத் தொடங்கும் உறுப்பினர்களாக அமராவதியோடு சேர்த்து ஏழு பேர் கையெழுத்து. மறுபடி பிரிண்ட் எடுத்தால் ஏழு பேரும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். ஏழு பேருக்கும் அன்றைய பிடிப்பு போச்சு. அமராவதி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது மகேஸ்வரிக்கு.

கூட்டமில்லாத மதிய நேரங்களில் உட்கார்ந்து கோப்பை முதலிலிருந்து கட்டினாள். பெயர் வரும் எல்லா இடத்திலும் எழுத்தை அழித்துவிட்டு, ஒன்றோடொன்று தொடர்புள்ள கட்டங்களை வைத்தாள். ஒன்றில் மாற்றினால் மற்ற இருபத்தாறும் தானாக மாறும், பக்கத்தின் உச்சியில் இருப்பது உட்பட. தமிழ்தான் இடக்குப் பண்ணியது. கட்டத்துக்குள் பெயர் ஒரே மாதிரிதான் நிற்கும். ‘சங்கத்தின்’ என்று வளையாது. யோசித்துப் பார்த்து, பெயருக்குப் பின்னால் ‘என்னும் இவ்வமைப்பு’ என்று சேர்த்தாள். இவ்வமைப்பின், இவ்வமைப்புக்கு என்று வளைய வேண்டியதெல்லாம் அந்தச் சொல்லே வளைந்துகொள்ளட்டும்.

சரியாக வருகிறதா என்று பார்க்க ‘அமராவதி’ என்று அடித்தாள். பதினாறு பக்கமும் அமராவதி ஆனது. தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு, லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினாள்.

ஞானசேகரன் பதினோராம் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார். தப்பு இல்லை. எல்லாப் பக்கத்தையும் திருப்பினார். கடைசியில் முதல் பக்கத்துக்கு வந்தார்.

“மீனவப் பெண்கள்னு போட்டிருக்கு. வல இல்ல, படகு இல்ல. நீங்க எப்படிம்மா மீனவர்? அத எடுத்துட்டு அடுத்த வாரம் வாங்க.”

“அடுத்த வாரம் எதுக்கு சார்? அர மணி நேரத்துல வர்றேன்” என்றாள் மகேஸ்வரி.

எதிரே இருந்த பிரிண்டிங் கடையில் லேப்டாப்பைத் திறந்து ஒரு கட்டத்தில் ஒரு சொல்லை எடுத்தாள். எல்லா இடத்திலும் ‘கிள்ளை பெண்கள் நலச் சங்கம்’. சூடு ஆறாத தாள்களைப் பெருமையோடு அத்தையிடம் நீட்டினாள்.

அமராவதி எழுத்துக்கூட்டிப் படிப்பவள். விரல் வைத்து முதல் பக்கத்தைப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள்.

“எங்கடி மீனவ?”

“அவருதான் எடுக்கச் சொன்னாருல்ல அத்த.”

“ஒரு எடத்துலகூட இல்லியா?”

“இல்ல.” சொல்லும்போதே மகேஸ்வரியின் குரல் இறங்கிவிட்டது. மாற்றும் வேகத்தில், எதை மாற்றுகிறோம் என்று அவள் பார்க்கவே இல்லை.

“அப்ப இது யாரு சங்கம்?” அமராவதி பேனாவை மூடினாள். “கை கிழிஞ்சு, காலு வெடிச்சு நாம புடிக்கிறது இறாலா, கத்திரிக்காயா? மொத பேர போடு. உரிமையயும் சேத்துப் போடு.”

“திருப்பி அனுப்பிடுவாரு அத்த.”

“அனுப்பட்டும். ஏன்னு எழுதிக் குடுத்துட்டு அனுப்பட்டும்.”

மகேஸ்வரி மற்றவர்களைப் பார்த்தாள். எல்லாருக்கும் மூத்தவளான தில்லையம்மாள், “போடு பாப்பா, பாத்துக்கலாம்” என்றாள்.

போட்டாள். இருபத்தேழு இடத்திலும் மீனவப் பெண்கள் திரும்பி வந்தார்கள், உரிமையோடு. கூடவே ஒரு கடிதமும் அடித்தாள்: இந்தப் பெயர் கூடாது என்றால் எந்த விதிப்படி என்று எழுத்தில் தரவும். ஏழு பேரும் கடை வாசலிலேயே கையெழுத்துப் போட்டார்கள்.

ஞானசேகரன் முகம் சிவந்துவிட்டது. “என்னம்மா, நான் சொன்னதுக்கு நேர்மாறா எடுத்துட்டு வந்திருக்கீங்க?”

“எங்க பேரு அதான் சார்” என்றாள் அமராவதி.

“வச்சிட்டுப் போங்க. பாத்து சொல்றேன்.”

மகேஸ்வரி கடிதத்தின் நகலை நீட்டினாள். “வாங்கிக்கிட்டதா சீல் போட்டுக் குடுங்க சார். பேர மாத்துறது எங்களுக்கு ரெண்டு நிமிஷ வேல. ஆனா மாத்த மாட்டோம்.”

அவர் சீலை எடுக்கவில்லை. ஏழு பெண்களும் கவுண்டருக்கு முன்னால் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. பின்னால் வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். உள்ளிருந்து மேலதிகாரி ஒருமுறை எட்டிப் பார்த்தார். நாலேகாலுக்குச் சீல் விழுந்தது.

ஐந்து வாரம் கழித்துப் பதிவுச் சான்றிதழ் தபாலில் வந்தது. பெயரில் ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. விதி எதுவென்று யாரும் எழுதவும் இல்லை.

மறுநாளே முப்பத்துநாலு பேருக்கும் மீனவர் அட்டைக்கான விண்ணப்பத்தை மகேஸ்வரி டைப் செய்தாள். அட்டை இன்னும் வந்தபாடில்லை. என்ன ஆச்சு என்று கேட்க முப்பத்துநாலு பேரும் மாதம் ஒரு திங்கட்கிழமை கடலூர் பஸ்ஸில் ஏறுகிறார்கள். ஏறும்போதே கண்டக்டர் பின்சீட்டில் இருப்பவர்களை இவர்களுக்காக நகர்ந்து இடம் விடச் சொல்லிவிடுகிறார்.