நீல வெளிச்சம்

அத்தை பல் டாக்டர். ஊசியை எடுப்பதற்கு முன்னால் நோயாளியிடம் நாலு வார்த்தை சிரித்துப் பேசுவாள். அண்ணன் மகளுக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாது.

"பன்னெண்டு மணி வரைக்கும் பாப்பேன். சரியாகலைன்னா பழைய பக்கத்தையே போட்டுட்டு வேற ஆளை வெச்சுக்குவேன். சொந்தம்லாம் வீட்டோட" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இவளுக்கு இதுதான் முதல் வேலை. அத்தையின் மருத்துவமனைக்கு வருகிறவர்களைக் கம்ப்யூட்டரில் பதியும் பக்கத்தை மூன்று வாரம் ராப்பகலாக உட்கார்ந்து புதிதாகச் செய்திருந்தாள், இன்று காலைதான் அது ஓட ஆரம்பித்தது. அப்பா வேறு தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் மகளைப் பற்றிப் பீற்றிக்கொண்டாகிவிட்டது. இப்போது சொதப்பினால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

மணி பதினொன்று. முன்னறையில் இருபது பேர், பாதிப் பேர் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பு மேசை அக்கா ஒரு பெயரைத் தட்டினால், திரையில் முதல் எழுத்து வருவதற்குள் வலிக்கிற பல் தானாகவே விழுந்துவிடும் போலிருந்தது.

"உங்க கம்ப்யூட்டர் ரொம்பப் பழசுக்கா. என் லேப்டாப்ல பறக்குது, பாருங்க."

"அப்ப வர்றவங்களை எல்லாம் உங்க வீட்டுக்கு அனுப்பிடட்டுமா?"

இவளுக்குச் சுருக்கென்றது. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா ஒரு பெயரை அடித்தாள், திரை அசையவில்லை. உடனே மவுஸைப் பிடித்துப் பரபரவென்று அப்படியும் இப்படியும் ஆட்டினாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"இது தூங்கிடும்மா. உலுக்கினாத்தான் முழிக்கும். பத்து வருஷமா இப்படித்தானே ஓட்டறேன்!"

ஆட்டிய இடமெல்லாம், திரையில் மவுஸ் அம்புக்குறியின் பின்னாலேயே ஒரு நீல வெளிச்சம் தட்டுத் தடுமாறி ஓடியது. அதைப் பார்த்ததும் இவளுக்குப் பொறி தட்டியது.

அந்த வெளிச்சம் அழகுக்காக இவள் சேர்த்த கைவண்ணம்தான். மவுஸ் ஒரு இம்மி நகர்ந்தாலும் கம்ப்யூட்டர் பக்கம் முழுவதையும் மறுபடி வரைந்தாக வேண்டும். இவள் லேப்டாப்பில் படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு சிப் இருக்கிறது. இந்தப் பாவப்பட்ட பெட்டியிலோ எல்லா வேலையும் ஒரே தலையில். தூங்குகிறதென்று அக்கா உலுக்க உலுக்க அது இன்னும் வரைய, இன்னும் திணற, அக்கா இன்னும் உலுக்க... நல்ல கூத்து!

"அக்கா, கையை எடுங்க. ஒரு நிமிஷம் தொடாதீங்க."

கையை எடுத்த மறுகணம் பெயர் முழுசாக வந்து நின்றது.

"அடக்கடவுளே! அப்ப இத்தனை நேரமும் நான்தான் கெடுத்தேனா?"

"நான்தான்க்கா கெடுத்தேன். ஒருநாள்கூட இந்த மேசையில உக்காந்து பாக்கல."

சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அந்த நீல வெளிச்சத்துக்கு மட்டும் நாலு நாள் செலவழித்திருக்கிறாள், அழித்துவிட மனசே வரவில்லை. எதிரே ஒரு பெரியவர் கன்னத்தில் கைவைத்தபடி முனகினார். போய்த் தொலை என்று அழித்தாள். கையோடு மங்கல் கண்ணாடி மாதிரிப் போட்டிருந்த பின்னணியையும், பெயர் அடிக்கும் கட்டத்துக்குக் கட்டம் விழுந்த நிழலையும் தூக்கினாள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து மட்டும் மிஞ்சியது.

அக்கா தட்டத் தட்ட எழுத்து வந்தது. முதலில் நம்பாமல் மெதுவாக அடித்தாள், அப்புறம் வேகம் பிடித்துவிட்டாள். இருபது பேரையும் பதிந்து எண் கொடுத்து, எக்ஸ்ரேவுக்குப் பாதிப் பேரை அனுப்பி முடித்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வந்த அத்தை முன்னறையைப் பார்த்து முகம் சிவந்தாள்.

"எங்கே பாதிக் கூட்டம்? கோவிச்சுட்டுப் போயிட்டாங்களா? உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

இவள் பதறி ஸ்டூலை விட்டு எழுந்தாள். அக்காதான் வாய் திறந்தாள்.

"யாரும் போகல டாக்டர். எல்லாரையும் பதிஞ்சு எக்ஸ்ரேவும் ஆரம்பிச்சாச்சு. இப்ப இங்க லேட்டுன்னா அது நீங்க ஒருத்தர்தான்."

அத்தை அக்காவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், கடைசியாக இவளைப் பார்த்தாள். உதடு துடித்தது. அடக்கப் பார்த்து முடியாமல், பல் வலிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டாள்.

"சரி சரி, வேற ஆள் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த எண்ணைத் தானே கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.