பாண்டியம்மாள் பீர் குடிக்கப் போன மத்தியானம்

மூத்தோர் தடகளப் போட்டியில் குண்டு எறிந்து மூன்றாவது வந்த பாண்டியம்மாளின் கழுத்தில் பதக்கம் மாட்டி, போட்டோ எடுத்து, கைதட்டி எல்லாம் முடிந்தது. கூட வந்திருந்த ஷெரின் டீச்சர் சந்தோஷத்தில், அக்காவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். பிரியாணியா, கறி தோசையா, எதுவானாலும் இன்றைக்குத் தன் செலவு என்றாள். சேலைக்கு மேலே போட்டிருந்த போட்டி டீ-ஷர்ட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாண்டியம்மாள் நிதானமாகச் சொன்னாள்.

"எனக்கு ஒரு பீரு குடிச்சுப் பாக்கணும் டீச்சர்."

ஷெரின் முதலில் செய்த காரியம், ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று சுற்றிப் பார்த்ததுதான். அவள் எழுமலையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச் பாட்டுக் குழுவில் நிற்கிறவள். போட்டிக்காக மதுரையில் தங்கியிருப்பதோ கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவப் பெண்கள் விடுதியில். பாண்டியம்மாளைக் கண்டுபிடித்தவளும் அவளே. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் அம்மாக்களுக்கான போட்டியில், அங்கே படிக்கும் கடைசி மகள் மீனாவுக்காக வந்திருந்த பாண்டியம்மாள் எறிந்த குண்டு எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய்ப் பந்தல்காலைச் சாய்த்துவிட்டது. அன்றிலிருந்து எந்த ஊரில் போட்டி என்றாலும் இருவரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறுகிறார்கள். இத்தனை ஊர் போயும் இப்படி ஒரு ஆசை அந்த வாயிலிருந்து வந்ததில்லை.

ஆசை என்று சொல்வதும் சரியில்லை. பாண்டியம்மாளுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அவள் புருஷன் மலையாண்டி குடித்துவிட்டு அடிக்கிற ஆள் இல்லை, வம்பு வளர்க்கிற ஆளும் இல்லை. பிராந்தியைத் தொடமாட்டார். பீர் மட்டும்தான், அது உடம்புச் சூட்டைத் தணிக்கிறது என்பார். தினம் சாயங்காலம் மாட்டைக் கட்டியதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். அவள் பால் கறந்து, சோறு வடித்து, பாத்திரம் தேய்த்து, மறுநாள் கூலி ஆட்களுக்குச் சொல்லிவிட்டு வந்து பார்த்தால் அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். போன பங்குனியில் என்ன தோன்றியதோ, அவருடைய பாயையும் தலையணையையும் தோட்டத்து மோட்டார் ரூமில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். பீர் வேண்டுமா வீடு வேண்டுமா, யோசித்துச் சொல்லு என்றாள். மனிதர் மறுபேச்சுப் பேசாமல் மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது தேவலை.

இப்போது மகன் அசோக்குமாரின் பிள்ளைக்குக் காதுகுத்து வருகிறது. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்காமல் எப்படிப் பத்திரிகை அடிப்பது என்று அவன் தலையைப் பிய்த்துக்கொள்கிறான். மதுரைக்குப் போய்விட்டு வந்ததும் ஒரு முடிவைச் சொல், அப்பாவை உள்ளே விடுவதென்றால் விடு, இல்லையென்றால் இல்லை என்று சொல் என்று பஸ் ஏற்றும்போதே கேட்டுவிட்டான். எதிராளி யார் என்று பார்க்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது? அதைத்தான் அவள் ஷெரினிடம் சொன்னாள்.

"என்னையவே தோக்கடிச்சிருச்சுல்ல டீச்சர், அதுல அப்பிடி என்னதான் இருக்குன்னு பாத்துருவோம்."

 தான் வெறும் சோடா மட்டும்தான் குடிக்கப் போவதாகச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு ஷெரின் கூட நடந்தாள்.

முதலில் போனது விடுதிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி இருந்த அரசுக் கடையை ஒட்டிய பாருக்கு. தகரக் கூரை, சிமெண்ட் தரை, கால் வைக்கிற இடமெல்லாம் தண்ணீர் பாக்கெட். இரண்டு பெண்கள் வாசலில் வந்து நின்றதும் உள்ளே இருந்த சத்தம் குழாயை மூடியது போல் நின்றது. யாரும் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பாண்டியம்மாள் பதில் வைத்திருந்தாள். அவர்களோ பதறி எழுந்தார்கள். ஒருத்தன் கப்பை மேஜைக்கு அடியில் ஒளித்தான். விருமாண்டி என்று மற்றவர்கள் கூப்பிட்ட ஒரு பெரிய மீசைக்காரர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"ஆளு பேரு என்னத்தா?"

பெண் ஒருத்தி பாருக்கு வந்தால் வீட்டு ஆளைத் தேடித்தான் வருவாள். அந்த ஊரில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. பாண்டியம்மாளுக்கும் அந்த நேரத்தில் வேறு பதில் வாயில் வரவில்லை. மலையாண்டி என்று சொல்லிவிட்டாள். விருமாண்டி திரும்பி அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டதும், இரண்டு மலையாண்டிகள் எழுந்து நின்றார்கள். இரண்டு பேர் முகத்திலும் குற்றம் செய்த களை. இரண்டும் அவளுடையது இல்லை என்று தெரிந்ததும் அவர்கள் விட்ட மூச்சில் மேஜை மேல் இருந்த கடலைத் தோல் பறந்தது. ஆளின் அடையாளம் கேட்டார்கள், சட்டைக் கலர் கேட்டார்கள், கண்ணில் பட்டால் கையோடு வீட்டுக்கு அனுப்பிவைப்பதாக வாக்குக் கொடுத்தார்கள். ஷெரின் சிரிப்பை அடக்க முடியாமல் தெருவுக்கு ஓடிவிட்டாள்.

பாண்டியம்மாள் மட்டும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவள் நினைத்து வைத்திருந்தது கூத்தும் கும்மாளமும். இங்கே ஒருத்தர் அவித்த முட்டையின் ஓட்டை மெதுவாக உரித்துக்கொண்டிருந்தார். ஒருத்தர் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தர் சுவரைப் பார்த்தபடி இருந்தார், சுவரில் ஒன்றுமில்லை. இதற்கா தினம் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தார்கள். எங்கே போகணும் என்று டிரைவர் கேட்டதும் ஷெரின் வாயை மூடிக்கொண்டாள். பெண்கள் உட்கார்ந்து பீர் குடிக்கிற மாதிரி இடம் இருக்கிறதா அண்ணே என்று பாண்டியம்மாள் நேரடியாகவே கேட்டுவிட்டாள். டிரைவர் தொப்பி போட்ட பாய், தாடி நரைத்தவர். பாலம் ஏறி இறங்குகிற வரைக்கும் பேசவில்லை. கோபித்துக்கொண்டார் என்று ஷெரின் பயந்தாள். அவரோ யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு ஓட்டலின் மாடியில் ஏசி பார் இருக்கிறது, குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனி மேஜை உண்டு, சத்தம் இருக்காது, குடல் வறுவல் நன்றாக இருக்கும் என்று வரிசையாகச் சொன்னார். தான் ஒரு நாளும் தொட்டதில்லை, வண்டியில் ஏறுகிறவர்கள் சொல்வதை வைத்துச் சொல்வதாகவும் சேர்த்துக்கொண்டார். ரோட்டில் போகிறவர்கள் பார்வைக்குப் படாமல் ஓட்டலின் பக்கவாட்டு கேட்டில் கொண்டுபோய் இறக்கியும் விட்டார்.

உள்ளே குளிர். மங்கலான விளக்கு. மூலையில் இரண்டு பேர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருப்பு என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த சர்வர் வந்து ஒரு நாற்காலியைப் பின்னால் இழுத்தான். வேறு யாருக்கோ எடுத்துப் போகிறான் என்று பாண்டியம்மாள் ஒதுங்கி வழி விட்டாள். அவளுக்காகத்தான் இழுத்திருக்கிறான் என்று ஷெரின் சொல்லித்தான் தெரிந்தது. என்ன பீர், லைட்டா ஸ்ட்ராங்கா என்று கேட்டான். எழுமலைப் பக்கத்து ஆம்பளைகள் எதைக் குடிப்பார்களோ அதைக் கொண்டுவா என்றாள். கருப்புவுக்கு உசிலம்பட்டி. சிரித்துக்கொண்டே ஸ்ட்ராங் என்று எழுதிக்கொண்டு போனான்.

முதல் வாய் வேப்பங்கொழுந்தைச் சோடாவில் போட்டுக் குடித்தது போல் இருந்தது. இரண்டாவது வாயும் அப்படித்தான். நுரை மூக்கில் ஏறியது. ஷெரின் பைபிளில் வரும் அற்புதத்தைப் பார்ப்பது மாதிரி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டியம்மாள் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், இன்னும் ஒரு மடக்குக் குடித்தாள். இதில் ஒன்றுமில்லை என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது. இந்தக் கசப்புக்காக ஒரு மனிதன் பெண்டாட்டியை விட்டுவிட்டு மோட்டார் ரூமில் படுப்பான் என்று அவளால் நம்ப முடியவில்லை. எதிராளி ஒரு நோஞ்சான். அப்புறம் எப்படித் தோற்றோம்?

கேள்விக்குப் பதில் கிடைக்காமலே குடல் வறுவலும் சுண்டலும் தீர்ந்தன. உடம்பு லேசாகக் கனத்தது, இனி கிளம்பலாம் என்று தோன்றியது. பாண்டியம்மாள் எழுந்தாள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள், சிந்திய சுண்டலைக் கையால் வழித்துத் தட்டில் போட்டாள், கிளாஸை அதன் மேல் வைத்தாள், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பின்கட்டைத் தேடி நடந்தாள். ஷெரின் கூப்பிட்டது காதில் விழவில்லை. சமையல்கட்டுக் கதவருகில் கருப்பு ஓடிவந்து மறித்தான்.

"வைங்கக்கா. நீங்க போயி உக்காருங்க, இதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்."

கையிலிருந்ததை அவன் வாங்கிக்கொண்டான். வெறும் கையோடு அவள் மேஜைக்குத் திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். செய்வதற்கு ஒன்றுமில்லை. அடுப்பில் எதுவும் இல்லை, மாடு கத்தவில்லை, எழுந்து போகவேண்டிய இடம் எதுவும் இல்லை. ஒரு ஈரத்துணி வந்து மேஜையைத் துடைத்துவிட்டுப் போனது, அது அவள் கையில் இல்லை. எதிரே சுவர் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் தானாக இறங்கியது. ஷெரின் பதறிப்போய்த் தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா என்று கேட்டாள்.

அதெல்லாம் இல்லை. இத்தனை வருஷமாகத் தன் கோபம் பீரின் மேல் என்று நினைத்திருந்தாள். பீர் பாவம், அது என்ன செய்யும்? அவருக்குப் போய் உட்கார ஒரு இடம் இருந்தது, தனக்கு இல்லை. அவ்வளவுதான். அது தெரிந்ததும் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஆனால் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. அவள் போனை எடுத்தாள்.

மலையாண்டி முதல் மணியிலேயே எடுத்தார். ஜெயித்தாயா என்று கேட்டார். மூன்றாவது என்றாள். சந்தோஷப்பட்டார், எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா என்றார். பாரில் இருப்பதாகச் சொன்னாள். அவர் மேலே எதுவும் கேட்பதற்குள் அவளே பேசினாள்.

"மச்சான், பாயச் சுருட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துரு. நீ எங்க போனாலும் இனிமே தடுக்க மாட்டேன். ஆனா ஒரு நா நீ போ, ஒரு நா நான் போறேன். நான் போற அன்னைக்குப் பாலு கறக்குறது, சோறு வடிக்கிறது எல்லாம் ஒன் பாடு."

"நீ எங்க போவ?"

"ஒன்னைய நான் ஒருநாளாச்சும் கேட்டுருக்கேனா?"

அந்தப் பக்கம் மாட்டுமணி மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தாள். பிறகு அவர் குரல் வந்தது, மெதுவாக, கல்யாணமான புதிதில் எதையாவது கேட்பதற்குக் கூச்சப்படுவாரே அந்த மாதிரி.

"ஒலைக்கு எம்புட்டுத் தண்ணி வைக்கணும் பாண்டி?"

சொல்ல வாயெடுத்தாள். பழக்கம் அப்படி. ஷெரின் பார்த்துக்கொண்டிருந்தாள், கருப்புவும் பில்லோடு வந்து தள்ளி நின்றான்.

"வச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள். பில்லை அப்புறம் கொண்டுவரச் சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கப் போகிறோம் என்றாள்.