சான்ட்ஹேவன் பந்துக்காப்பாளர்

இடது கைக்குக் கையுறை ஏறிவிட்டது. வலது கைதான் மறுத்தது. சந்திரகுமார் அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி உள்ளே தள்ளினார். நடுவிரலும் மோதிரவிரலும் ஒரே அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டோம் என்றன.

அறுபத்தெட்டு வருடம் உயிரோடு இருந்த குலேந்திரன் ஒரு நாளாவது கோல்கீப்பர் கையுறை போட்டதில்லை. செத்த நாலாம் நாள் போடச் சொன்னால் எந்தக் கைதான் ஒத்துழைக்கும்?

"பத்தாம் நம்பர் சைஸ், சந்திரண்ணை. ஜெர்மனியில சொல்லி எடுப்பிச்சது," என்றான் நிருசன். சுவிற்சர்லாந்தின் பாடன் நகரத் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் தலைவர் அவன். பெட்டியின் கால்மாட்டில் கழகக் கொடியை விரித்துச் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தான். "இப்பிடி ஒரு மனுசன் வெறுங்கையோட போகக்கூடாது."

அண்ணைக்கு ஏழே பெரிசு என்று சந்திரகுமாருக்கு வாய் வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு இன்னொரு தரம் தள்ளினார்.

அந்தக் கோல்கீப்பர் பிறந்தது 1991இல், ஓல்டனில் நடந்த ஒரு சுற்றுப்போட்டியின் தேநீர் இடைவேளையில். ஓல்டன் கழகத்துக்காரர் ஒருவர், தான் யாழ்ப்பாண மாவட்ட அணிக்கு ஆடியவன் என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார். இரண்டு தடவை பொறுத்த சந்திரகுமார் மூன்றாவது தடவை பொறுக்கவில்லை. "எங்கட அண்ணை இங்கிலாந்தில சான்ட்ஹேவன் கிளப்புக்குக் கோலுக்கு நிண்டவர்," என்றார். தேநீர்க் கோப்பைகள் அப்படியே நின்றன. அண்ணன் அந்தக் கடற்கரைப் பட்டினத்தில் இரண்டு வருடம் இருந்தது உண்மை. ஹோட்டல் ஒன்றில் சட்டி கழுவினார். மிச்சத்தைத் தம்பி சேர்த்துக்கொண்டார்.

முதல் வருடம் குலேந்திரன் ஒரு பெனால்டியைத் தடுத்தார். அடுத்த வருடம் மூன்று. தொண்ணூற்றாறு அளவில், காற்று கடலுக்குள் தூக்கிப்போட்ட பந்தை அலை திருப்பி அனுப்ப, அதையும் பாய்ந்து பிடித்தார். நடுவர் தொப்பியைக் கழற்றி வணங்கினார். நடுவருக்கு ஏது தொப்பி என்று கேட்டவருக்கு, இங்கிலாந்தில் உண்டு என்று பதில் சொல்லப்பட்டது. அந்தத் தொப்பியோடு சந்திரகுமார் கழகத்தின் உபதலைவரானார். முப்பத்துமூன்று வருடமாக எந்த மைதானத்திலும் அவருக்கு முன்வரிசையில் ஒரு கதிரை இருந்தது.

குலேந்திரனுக்குக் கிடைத்தது முழங்கால் வலி.

கதை பிறந்த அன்று பின்னேரம் அவர் தம்பியிடம் கேட்டார்: "ஏன்ரா அப்பிடிச் சொன்னனீ?"

"சும்மா ஒரு மதிப்புக்கு அண்ணை."

வாசலில் ஒரு சப்பாத்துப் பெட்டி இருந்தது. கழகத்தில் சேர்ந்து விளையாடுவதற்கென்று குலேந்திரன் அந்தக் கிழமைதான் பூட்ஸ் வாங்கியிருந்தார். குனிந்து அதன் மூடியை இறுக்கிச் சாத்தினார். "சரி. முழங்கால் நோவெண்டு சொல்லிவிடு," என்றார்.

அதன்பிறகு மைதானத்து வாசலுக்கு வந்ததும் நொண்டத் தொடங்குவார். திரும்பிப் போகும்போது பஸ் தரிப்பிடம் வரை நொண்டிவிட்டு, பஸ்ஸுக்குள் நேராக ஏறுவார். இருபது வருடம் இப்படிப் போக, முழங்காலும் ஒரு நாள் கதையை நம்பிவிட்டது. டாக்டர்கள் அதை வெட்டி எடுத்துவிட்டு உலோகம் வைத்தார்கள். கழகம் பூங்கொத்து அனுப்பியது, சான்ட்ஹேவன் வீரருக்கு என்று எழுதி.

"ஏறீட்டுதோ?" என்றான் நிருசன்.

"ஏறீட்டுது." இரண்டு விரலையும் ஒரே அறையிலேயே விட்டுவிட்டு, சந்திரகுமார் கையுறையின் பட்டியை இறுக்கி ஒட்டினார்.

"சித்தப்பா, ஒருக்கா வெளிய வாங்கோ." யாதவி கதவடியில் நின்றாள். குலேந்திரனின் ஒரே மகள். நாலு நாளாக அவள் அழுததை ஒருவரும் காணவில்லை. கையில் ஒரு கடதாசி.

நடையில் வைத்து அவள் சொன்னாள்: "மரண அறிவித்தலில நீங்கள் எழுதினனீங்கள், சான்ட்ஹேவன் கழகத்தின் முன்னாள் பந்துக்காப்பாளர் எண்டு. நான் அந்தக் கழகத்துக்கு மெயில் போட்டனான். அப்பாவின்ர படம் ஏதும் இருந்தால் அனுப்புங்கோ எண்டு."

சந்திரகுமார் நடையின் இருபக்கமும் பார்த்தார். "அவையள் பழசெல்லாம் வச்சிருக்க மாட்டினம், பிள்ளை."

"வச்சிருக்கினம். நூறு வருசத்து வெற்றிக் கோப்பையளெல்லாம் ஒரு அறையில அடுக்கி வச்சிருக்கினமாம். வாசியுங்கோ."

வாசித்தார். கழகத்தின் செயலாளர், ஹோலோவே என்ற ஒரு வயதான அம்மா, எழுதியிருந்தார். எங்கள் பதிவேடுகளில் அந்தப் பெயரில் கோல்கீப்பர் எவரும் இல்லை. ஆனால் குலென் என்ற இளைஞரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் மைதானத்துக்கும் கடலுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். சனிக்கிழமைகளில் நாலைந்து பந்தாவது அதைத் தாண்டும். ஹோட்டல் வேலை முடிந்து வந்து அவற்றை நீந்தி எடுத்துத் தந்தவர் அவர். ஜனவரியிலும் இறங்கினார். வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. இரண்டு பருவமும் நாங்கள் ஒரு பந்தையும் இழக்கவில்லை. அவருடைய படம் கோப்பைகளுக்குப் பக்கத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது. பயிற்சிகளில் எங்களோடு விளையாடவும் செய்வார். மிக மோசமாக விளையாடுவார். அவ்வளவு சந்தோஷமாக விளையாடிய ஒருவரை நான் பிறகு கண்டதில்லை. சுவிற்சர்லாந்திலும் விளையாடினாரா?

கடைசி வரியைச் சந்திரகுமார் இரண்டு தரம் வாசித்தார்.

"அவவுக்கு என்ன பதில் எழுதட்டும்?" என்றாள் யாதவி.

அவர் கடதாசியை நாலாக மடித்தார்.

"நிருசன் அண்ணை இண்டைக்கு அப்பாவின்ர பேரில சிறந்த கோல்கீப்பருக்குக் கேடயம் அறிவிக்கப்போறாராம். வருசா வருசம். அதுக்குள்ள நீங்கள் இதை வாசியுங்கோ. நான் வாசிக்கமாட்டன். சொன்னது நீங்கள்." குரல் உயரவேயில்லை. "அப்பா எண்டு ஒருத்தர் இருந்தவர், சித்தப்பா. அவரை அனுப்பிவிடுங்கோ."

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் குலேந்திரனின் மனைவி கஜலக்சுமி, யாரோ தண்ணீர்ப் போத்தலை நீட்டியபடி இருக்க, அதை வாங்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய மாணவர் சங்கம் பேசியது. கோயில் பேசியது. பன்னிரண்டு மணிக்கு அடுத்த பிரேதத்துக்கு மண்டபத்தைக் கொடுக்க வேண்டிய தகனசாலைச் சுவிஸ்காரர் சுவரோரம் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார்.

சந்திரகுமார் மைக்கைப் பிடித்தார். வாழ்நாளில் அவருக்கு மைக்கைக் கண்டு நாக்கு உலர்ந்தது அன்றுதான்.

"அண்ணை கோல்கீப்பர் இல்லை," என்றார்.

சுவிஸ்காரர் மறுபடியும் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பந்து பொறுக்கினவர். கடலுக்குள்ள விழுற பந்தை நீந்திப்போய் எடுத்துக் குடுத்தவர். மாரிகாலத்திலயும்."

பின்வரிசையில் ஒருவர் மெல்லச் சிரித்தார். அது பக்கத்தில் இருந்தவருக்குத் தொற்றியது. சந்திரண்ணை தொடங்கிவிட்டார் என்ற நிம்மதி மண்டபத்தில் பரவியது. செத்தவீட்டிலும் மனுசனின் பகிடி போகவில்லை.

"பகிடி இல்லை!" அவர் கடதாசியை உயர்த்திக் காட்டினார். "கோலுக்கு நிண்டவர் எண்டது நான் சொன்ன பொய். அந்தப் பொய்யாலதான் அவர் இஞ்ச ஒரு நாளும் பந்தைத் தொடேல்லை. முப்பத்திமூண்டு வருசம் நொண்டினவர். எனக்காக நொண்டினவர்."

சிரிப்பு நின்றது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எல்லோரும் நம்பிவிடப் போகிறார்கள் போலிருந்தது. அப்போது நிருசன் எழுந்து வந்து அவருடைய தோளை அணைத்துக்கொண்டு மைக்கைத் தன் பக்கம் திருப்பினான். கண் கலங்கியிருந்தான்.

"பாத்தியளோ? தம்பிக்கே இவ்வளவு தன்னடக்கமெண்டால் அண்ணைக்கு எவ்வளவு இருந்திருக்கும்! கோலையும் காத்து, கடலுக்குள்ளயும் பாய்ஞ்சு பந்தெடுத்த வீரன்!"

மண்டபம் கைதட்டியது. பெட்டிக்கு முன்னால் கைதட்டக்கூடாது என்பதை மறந்து தட்டியது. கேடயம் அறிவிக்கப்பட்டது.

தட்டாத இருவர் இருந்தார்கள். கஜலக்சுமி கையை மடியில் வைத்தபடி இருந்தாள். யாதவி பெட்டியருகே குனிந்து, தகப்பனின் கையுறைகளை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள். வலது கையில் கொஞ்சம் நேரமெடுத்தது. கழற்றியவற்றைக் கொடியின்மேல் வைத்துவிட்டு, தகப்பனின் இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் சேர்த்துவைத்தாள். அவை சின்னக் கைகள். சுவிஸ்காரர் பெட்டியை நெருப்புக்கு அனுப்பும் பொத்தானைக் காட்டினார். அவளே போய் அழுத்தினாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஓல்டன்காரர் ஒருவர் சந்திரகுமாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கடலுக்குள்ள பாய்ஞ்ச கதை இவ்வளவு நாளும் எங்களுக்குச் சொல்லேல்லையே, அண்ணை. மெய்யே?"

"அது மட்டும்தான் மெய்," என்றார் சந்திரகுமார்.

"நீங்கள் விடமாட்டியள்," என்று சிரித்துக்கொண்டே அவர் குடைக்குள் போனார்.

கார்த் தரிப்பிடத்தில் கஜலக்சுமி அவரைத் தாண்டி நடந்தாள். பிறகு நின்றாள், திரும்பவில்லை.

"எனக்குத் தெரியும், தம்பி. கலியாணம் முடிச்ச கிழமையே சொன்னவர். சந்திரனைக் காட்டிக்குடுக்காதை எண்டவர்."

அவ்வளவுதான். அவள் போய் இன்னொரு காரில் ஏறிக்கொண்டாள்.

யாதவி தன் காரின் முன்கதவைத் திறந்து பிடித்தாள். எந்தக் காரிலும் சந்திரகுமாரின் இடம் அதுதான். அவர் அதைக் கடந்து பின்னால் போய், திரிம்பாக் ஊரில் சமைப்பித்து வந்த சாப்பாட்டுச் சட்டிகளுக்கு நடுவில் ஒடுங்கி ஏறினார். அவள் முன்கதவைச் சாத்தினாள்.

முதல் வளைவிலேயே சொதிச் சட்டியின் மூடி கிளம்பி ஆடத் தொடங்கியது. அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினார். நல்ல சூடு. வீடு வருமட்டும் கையை எடுக்கவில்லை.