நாற்பது நிமிடத் தண்ணீர்

கிர்பி ஊர்த் தீயணைப்பு வட்டத்தில் டெல்மர் ஓஸ்ட்ரெம் சம்பளமில்லாமல் நெருப்போடு மல்லுக்கட்டி நாற்பத்து நான்கு வருஷம் ஆகிறது. அவர் அணைத்த தீயையெல்லாம் ஒரே இடத்தில் குவித்தால் சூரியன் போர்வை கேட்கும் என்று அவரே சொல்லுவார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குக் கோதுமை மேட்டில் ஒரு மனிதன் கதை சொல்லும்போது குறுக்கே பேசுவது மரியாதையில்லை.

அவருடைய கதைகளுக்கெல்லாம் ராஜா, கொட்டகைக் கதை. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஆகஸ்ட் மாதம், கோழி வேக வைத்த முட்டை போடும் வெயில். அறுவடை இயந்திரத்தில் பேரிங் சூடேறித் தாளடியில் பொறி விழுந்தது. தீ காற்றைக் கைப்பிடித்துக்கொண்டு ஓடி, டெல்மரின் தாத்தா கட்டிய கொட்டகையைத் தொட்டது. கிர்பியிடம் இருந்த ஒரே வண்டி வந்தது. டெல்மர் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு கிழக்குச் சுவரோரம் நின்றார். நின்றார் என்றால் நின்றார். கொட்டகை பிழைத்தது.

"ஆர்டெல்காரன் தண்ணி ஒரு சொட்டு இல்ல. நம்ம வண்டி, நம்ம தண்ணி, நம்ம கை!" என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் நிலையத்தில் நடக்கும் பான்கேக் விருந்தில் கதையை முடிப்பார். முதல் வருஷம் அவர் ஹோஸ் பிடித்தது பதினைந்து நிமிடம். அடுத்த வருஷம் இருபத்தைந்து. இப்போது நாற்பதில் வந்து நிற்கிறது. "இன்னும் ரெண்டு வருஷம் போனா நோவாவோட கப்பல் உன் கொட்டகைப் பக்கமா வரும் டெல்" என்பாள் அவர் மனைவி வான்டா, பான்கேக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

ஆர்டெல் என்பது பதினான்கு மைல் கிழக்கே இருக்கும் ஊர். பக்கத்துத் தீயணைப்பு வட்டம். பரம்பரைப் பகை. பகைக்குக் காரணம் ஒரு திருகு மரை. டெல்மரின் தாத்தா கிர்பிக்கு முதல் ஹோஸ் வாங்கியபோது, எவனும் இரவல் கேட்கக் கூடாது என்று, சுற்றுவட்டாரத்தில் யாரும் வைத்திராத மரை வெட்டிய கப்ளிங்காக, அதாவது ஹோஸை மாட்டும் மூட்டாக, தேடி வாங்கினார். பிற்பாடு கிர்பியின் தானியக் கிடங்கு பற்றி எரிந்த நாளில் ஆர்டெல் வண்டி உதவிக்கு ஓடி வந்தது. அவர்கள் ஹோஸ் கிர்பி வண்டியில் மாட்டவில்லை. அவர்கள் வேறு வழியில்லாமல் வரிசையாக நின்று, கையோடு கொண்டு வந்த சாண்ட்விச்சைத் தின்றார்கள். தாத்தா வாங்கிய மரையை டெல்மரின் அப்பா மறந்துவிட்டார். சாண்ட்விச்சை மறக்கவில்லை. மகனுக்குச் சொத்தோடு சேர்த்து அதையும் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அப்படிப்பட்ட ஆர்டெலோடு கிர்பியை இணைத்துவிடலாம் என்று இப்போது பேச்சு.

பேச்சில் நியாயமில்லாமல் இல்லை. கிர்பியின் பட்டியலில் மிச்சமிருந்தது ஒன்பது பேர். ஒன்பது பேர் வயதையும் கூட்டினால் அமெரிக்கா என்கிற தேசத்தைவிட இரண்டரை மடங்கு மூப்பு. மூன்று பேர் நெஞ்சில் பேஸ்மேக்கர். ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்வார், ஏறச் சொல்லக் கூடாது. இன்னொருவருக்குப் பேஜர் அடிப்பது கேட்காது, அவர் வீட்டு நாய்க்குத்தான் கேட்கும். நாய் வந்து அவர் காலுறையைக் கடித்து இழுக்கும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது வட்டத்தின் மூன்று ஆணையர்கள். டெல்மர் ஒருவர். பள்ளிப் பேருந்து ஓட்டும் ஜோலீன் பார்டி இரண்டாமவர். அவர் இணைப்புக்குத்தான் கை தூக்குவார் என்பது ஊரறிந்தது. மூன்றாவது வெர்ஜில் குன்ஸ். டெல்மருக்கு அந்த ஒரு ஓட்டு போதும். கிர்பி கிர்பியாகவே இருக்கும்.

வெர்ஜில் ஓட்டைப் பற்றி டெல்மருக்குக் கவலையே கிடையாது. முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஒரே நாளில் தீயணைப்புக்குச் சேர்ந்தவர்கள். இருந்தாலும் ஒரு முறைக்காக, கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில், பனிக்குள் நின்றுகொண்டு கேட்டார்.

"சனிக்கிழமை ஓட்டுக்கு நீ எப்படிடா?"

"இதுல கேக்கறதுக்கு என்னடா இருக்கு? உன் ஓட்டு எதுவோ அதுதான் என் ஓட்டு" என்றார் வெர்ஜில்.

"கை குடு."

கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தார். அந்த மேட்டில் ஜனவரி மாதத்தில் கையுறையைக் கழற்றிக் கை கொடுத்தால் அது பத்திரத்தில் கைநாட்டு வைத்ததற்குச் சமம்.

சனிக்கிழமை மத்தியானம் நிலையத்தில் ஊரே கூடியது. வண்டியை வெளியே விட்டால் தொட்டித் தண்ணீர் உறைந்துபோகும். ஆகவே வண்டி நடுவில் நிற்க, அதைச் சுற்றி நாற்காலிகள். காரமான சில்லிக் குழம்பும் லவங்கப்பட்டை ரோலும் வான்டாவின் பொறுப்பு. ஆர்டெல் வட்டத்தின் தலைவர் ட்ரிஸா மெடினா, நாற்பது வயதுப் பெண்மணி, விருந்தாளியாக வந்து கதவோரம் அடக்கமாக நின்றார்.

டெல்மர் ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில் கப்ளிங் ஒன்றை எடுத்து மேசைமேல் ஓங்கி வைத்தார். சில்லிக் கிண்ணங்கள் துள்ளின.

"இதப் பாருங்க! நம்ம மரை வேற, அவங்க மரை வேற. அவங்க ஹோஸ் நம்ம வண்டியில மாட்டாது. மாட்டாததை எப்படிய்யா சேர்ப்பீங்க? கடவுளே வேண்டாம்னு சொல்லிட்டாரு!"

"கடவுள் சொல்லல பெரியவரே, உங்க தாத்தா சொன்னாரு" என்றார் ஜோலீன்.

சிரிப்பு அடங்குவதற்குள் வெர்ஜில் எழுந்தார். கோட்டுப் பைக்குள் கைவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை வளையத்தை எடுத்துக் கப்ளிங் பக்கத்தில் வைத்தார். ஒரு பக்கம் கிர்பி மரை. மறுபக்கம் ஆர்டெல் மரை. தேய்ந்து பளபளத்தது. அவர் அதைத் திருகினார். கப்ளிங்கில் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல உட்கார்ந்தது.

"எங்கடா பிடிச்ச இதை?" என்றார் டெல்மர்.

"லேத்துல கடையச் சொல்லி வாங்கினேன். பதினோரு வருஷமாச்சு."

"என்கிட்ட சொல்லலையே?"

"சொல்லியிருந்தா கிணத்துல போட்டிருப்ப." வெர்ஜில் கூட்டத்தைப் பார்க்கவில்லை. டெல்மரை மட்டும் பார்த்தார். "டெல், நம்ம வண்டித் தொட்டி எவ்வளவு பிடிக்கும்?"

"எழுநூத்தி அம்பது கேலன். குழந்தைக்குக் கூடத் தெரியும்."

"ஹோஸ் முனை நாசிலை முழுசா திறந்தா எத்தனை நிமிஷம் வரும்?"

"ஏழு. இழுத்துப் பிடிச்சா எட்டு."

"உன் கொட்டகையில நீ எத்தனை நிமிஷம் பிடிச்ச?"

"நாப்..."

சொல் பாதியில் நின்றது. வான்டா சில்லிச் சட்டியில் கரண்டியைச் சுற்றினாள். கிர்பி ஊர் மொத்தமும் தத்தம் ஷூ நாடாவை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது.

"நாப்பது இல்ல" என்றார் டெல்மர். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கதையைக் குறைத்தார். "பதினஞ்சுதான்."

"சரி, பதினஞ்சு. மிச்சம் ஏழு நிமிஷம் தண்ணி எங்கிருந்துடா வந்துச்சு?"

டெல்மர் கதவோரம் நின்ற பெண்மணியைப் பார்த்தார்.

"ரெண்டு டேங்கர் சார்" என்றார் மெடினா மெதுவாக. "மேற்குப் பக்கம், ரோட்டுல. ஒண்ணை நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

"ஆர்டெல் வண்டி நம்ம நிலத்துல கால் வெச்சா அது என் பொணத்து மேலன்னு அந்த வருஷம்தான் நீ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்த" என்றார் வெர்ஜில். "கொட்டகை நடுவுல இருந்துச்சு. புகை வேற. இந்த வளையத்தை மாட்டித்தான் அவங்க தண்ணிய நம்ம வண்டிக்கு ஏத்தினேன். நீ இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள அவங்களைப் போகச் சொல்லிட்டேன். அவங்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்ல நீ எங்களை விடலடா."

டெல்மர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஆறு ஜூன் மாதம். ஆறு பான்கேக் விருந்து. ஒரு சொட்டு இல்லை என்று அவர் மேசையைத் தட்டும்போதெல்லாம் தலையாட்டிய முகங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். இரண்டு டேங்கரைப் பான்கேக்கில் மறைத்த ஊரை அன்றுதான் பார்த்தார். கடைசியாகச் சட்டிப் பக்கம் திரும்பினார்.

"வான்டா. உனக்கும் தெரியுமா?"

"நான்தான் டெல் அவங்களுக்குக் காபி குடுத்தேன்."

அதற்குப் பிறகு நடந்தது அவர் காதில் சரியாக விழவில்லை. நவம்பரில் உறைபனியில் கார் ஒன்று கவிழ்ந்ததைப் பற்றி வெர்ஜில் சொல்லிக்கொண்டிருந்தார். டெல்மர் அன்று பல் வைத்தியரிடம் போயிருந்தார். ஒன்பது பேஜரும் அடித்தன. வந்தது வெர்ஜில் ஒரே ஒருத்தர். அறுபத்தொன்பது வயதில் தனியாக வண்டியை ஓட்டிப் போய், காருக்குள் சிக்கிய பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆர்டெல்காரர்கள் வரும்வரை இருபது நிமிடம் பனியில் உட்கார்ந்திருந்தார். "வேற ஒண்ணும் செய்ய முடியலப்பா என்னால. கையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

ஜோலீன் ஓட்டுக்கு விட்டார். இரண்டு கை மேலே போயின. அதில் ஒன்று வெர்ஜிலின் கை.

"ஞாயித்துக்கிழமை கை குடுத்தியேடா" என்றார் டெல்மர்.

"குடுத்தேன்."

"கையுறையக் கழட்டிக் குடுத்த."

"ஆமாடா. உன் மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொல்ல எனக்கு தைரியம் வரல. பொய் சொன்னேன்."

டெல்மர் பித்தளை வளையத்தை மேசையிலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, கோட்டை மறந்துவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போனார்.

ஆணையர்களின் முடிவு ஊர் ஒப்புதலுக்குப் போனது; ஏப்ரலில் ஊர் தபாலில் ஓட்டுப் போட்டது. இணைப்பு ஐந்துக்கு ஒன்று என்று ஜெயித்தது. நிலையத்து வாசலில் பலகை மாறியது. டெல்மரும் மாறினார். அந்த ஊர்ச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலாவது தூக்கவேண்டும். முன்பின் தெரியாதவனுக்கும், கடன்காரனுக்கும், விவாகரத்தான மனைவிக்கும்கூட அது உண்டு. வெர்ஜிலின் வண்டி வந்தால் டெல்மர் விரலைத் தூக்கவில்லை. அந்தக் கையையே எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்படி இரண்டு தடவை வாய்க்காலுக்குள் போனார். ஒரு தடவை அவர் வண்டியை வெளியே இழுத்துவிட்டது வெர்ஜில்தான். அப்போதும் கையை வெளியே எடுக்கவில்லை. ஜூன் மாதம் பான்கேக் விருந்துக்கு வரவில்லை. கொட்டகைக் கதையைச் சொல்ல ஆளில்லாமல் பான்கேக் ஆறிப்போனது.

"எத்தனை நாளுக்கு இது?" என்றாள் வான்டா.

"நீ பேசாத. நீ காபி குடுத்தவ."

ஜூலை நான்காம் தேதி, நாட்டின் சுதந்திர தினம், வந்தது. அன்று ஆர்டெல் பெரிய வீதியில் தண்ணீர்ச் சண்டை. வீதிக்கு மேலே கம்பிவடத்தில் ஒரு பீப்பாய் தொங்கும். இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர். ஹோஸ் தண்ணீரால் அடித்துப் பீப்பாயை எதிரியின் தலைக்கு மேல் தள்ளுகிறவன் ஜெயித்தவன். எண்பது வருஷத்துக்கு மேலாகக் கிர்பியும் ஆர்டெலும் மோதுகின்றன. அதில் பாதியில் டெல்மரும் வெர்ஜிலும் ஒரே ஹோஸின் முன்னும் பின்னுமாக நின்றவர்கள். இப்போது இரண்டும் ஒரே வட்டம். ஆனாலும் வழக்கத்தை விடக்கூடாது, பழைய ஊர்ப்படியே நிற்போம் என்று மெடினா சொல்லிவிட்டார்.

கிர்பி பக்கத்தில் வெர்ஜில் ஹோஸின் முன்னால் நின்றார். பின்னால் டெல்மருக்கு இடம் விட்டிருந்தார்.

டெல்மர் வந்தார். கிர்பி நிலையத்தில் நாற்பத்து நான்கு வருஷம் பிடித்த தன் சொந்த நாசிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். வெர்ஜிலைத் தாண்டினார். பீப்பாயைத் தாண்டினார். வீதியின் மறுகோடிக்கு நடந்தார். அவர் தகப்பனார் கல்லறையில் புரண்டு படுத்த சத்தம் கிர்பியில் கேட்டதாகச் சொல்லுகிறார்கள்.

"எனக்கு ஒரு ஹோஸ் குடும்மா" என்றார் மெடினாவிடம்.

"நீங்க அந்தப் பக்கம் இல்லையா சார்?"

"அந்தப் பக்கம் எனக்கு யாரும் இல்ல."

மெடினா ஹோஸின் முனையை நீட்டினார். டெல்மர் பையிலிருந்து பித்தளை வளையத்தை எடுத்தார். ஒரு பக்கத்தை ஆர்டெல் ஹோஸில் திருகினார். மறுபக்கத்தில் தன் நாசிலைத் திருகினார். வீதி முழுக்க ஆயிரம் கண்கள். கிர்பிக்காரன் ஒருவன் பட்டப்பகலில், தன் கையால், ஆர்டெல் ஹோஸில் கிர்பிப் பித்தளையை மாட்டுவதைச் சரித்திரம் அன்றுதான் பார்த்தது.

விசில் ஊதியது.

டெல்மர் பீப்பாயைப் பார்க்கவே இல்லை. முதல் அடி வெர்ஜிலின் தொப்பிக்கு. தொப்பி இன்றுவரை கிடைக்கவில்லை. அடுத்த மாநிலத்தில் தேடலாம். இரண்டாவது அடி நெஞ்சுக்கு. வெர்ஜில் பின்னால் நகர்ந்து, சறுக்கி, வீதியில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் நின்ற கிர்பிக்காரர்கள் ஹோஸைப் பிடித்து நிதானமாகப் பீப்பாயைத் தள்ளிக்கொண்டு வந்து டெல்மரின் தலைக்கு மேல் முட்டவைத்து ஜெயித்தார்கள். ஆர்டெல் பக்கம் ஒரே கூச்சல். டெல்மருக்கு எதுவும் கேட்கவில்லை. கடைசியில் தண்ணீரை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

வெர்ஜில் சாலையில் உட்கார்ந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "போதுமாடா?"

ஜனவரிக்குப் பிறகு டெல்மர் அவரோடு பேசப்போகும் முதல் வார்த்தைக்காக வீதியே காதைத் தீட்டியது.

"இது கை குடுத்ததுக்கு" என்றார் டெல்மர். "கொட்டகைக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல." மெடினா பக்கம் திரும்பினார். "தண்ணி எவ்வளவும்மா இருக்கு?"

"தொட்டித் தண்ணி இல்ல சார். இது ஊர்க்குழாய். தீராது."

"எத்தனை நிமிஷம் வரும்?"

"உங்களுக்கு எத்தனை வேணும்?"

டெல்மர் யோசித்தார். கதையில் அல்ல, நிஜத்தில், தன் கையால் அளந்து பார்க்க அவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது.

"நாப்பது" என்று சொல்லிவிட்டு நாசிலைத் திறந்தார்.