பாட்டிலில் ஒரு சிவப்புக் கோடு

தம்பி குடியை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அக்காவின் மூக்கு நீண்டுகொண்டே போனது. துவைக்கப் போட்ட சட்டையை மோந்து பார்த்தாள். தலையணைக்கு அடியில் துழாவினாள். குளியலறையில் அவன் சற்று அதிக நேரம் இருந்தால் கதவில் காதை வைத்தாள். சிகிச்சை மையத்தில் இருந்து கூட்டி வரும்போதே கறாராகச் சொல்லியிருந்தாள்: "ஒரு சொட்டு உள்ளே போச்சுன்னு தெரிஞ்சாலும் அன்னிக்கே பெட்டியைக் கட்டிடணும்." அவனுக்குப் போக வேறு இடமில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

இதற்கிடையில் அவளுக்கு விடாத இருமல். டாக்டர் எழுதிய மருந்தைக் கொடுக்கும்போதே, "அளவோட குடிங்கம்மா, இதையே போதைக்குக் குடிக்கிறவங்க நிறைய பேர். பழகிட்டா விடாது" என்று கடைக்காரர் எச்சரித்தார். அக்காவுக்கு உடனே தம்பி ஞாபகம்தான் வந்தது. மருந்து நிற்கும் மட்டத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டாள். ஒவ்வொரு முறை குடித்த பிறகும் பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக்கோடு.

மட்டம் கோட்டை விட்டு அசையவில்லை. இருமலும் அசையவில்லை. மருந்துதான் நாளுக்கு நாள் வெளுத்தது. இன்று மத்தியானம் குடித்தபோது பாதிக்குப் பாதி தண்ணீர்.

புருஷன்மேல் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்; ஸ்டியரிங் ஊர்க்காரர்கள் கையில், உபதேசம் அவர் வாயில். மத்தியானம் கண் சொக்க வந்து ஒரு தூக்கம் போடுவார். பாவம், வெயில் என்று அவள் விசிறிவிடாத குறை.

கை பழக்கத்தில் புதுக்கோட்டைப் போட்டு, அது காய்வதற்குள் பாட்டிலைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டுத் தம்பியிடம் பாய்ந்தாள். அந்த நேரத்தில்தான் புருஷனும் வந்து, தண்ணீர் குடிக்கிறேன் என்று சமையலறைக்குள் போனார்.

"மருந்துல தண்ணி ஊத்தினது நீதானே?"

"நானா இருந்தா மொத்த பாட்டிலையும் ஒரே மடக்குல முடிச்சிருப்பேன்கா. தண்ணி ஊத்தி மட்டம் பார்க்க எனக்கு ஏது பொறுமை?"

"இதுல பெருமை வேறயா? எடுடா பெட்டியை!"

அவன் துணிகளை மடிக்க ஆரம்பித்தான். சமையலறையிலிருந்து மாமா மீசையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மாப்ளே, மனுஷனுக்கு மனசுல உறுதி வேணும். என்னைப் பாரு..." என்று விரலை உயர்த்தினார்.

இருவரும் பார்த்தார்கள். விரல் நுனியில் ஈரச் சிவப்பு.

"அது... வண்டி பெயிண்ட்" என்றார் அவர்.

"எந்த வண்டிக்குங்க நகப்பூச்சு அடிக்கிறாங்க?"

கீழே தெருவில் ஹாரன் அடித்தது. அடுத்த பாடத்துக்கு வந்த பெண் காரில் காத்திருந்தாள். இத்தனை நாளாக அந்தச் சொக்கிய கண்ணோடுதான் தன் பக்கத்து பிரேக்கில் கால் வைத்திருக்கிறார் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. கையை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

தம்பி மடித்த சட்டையை மறுபடி கொடியில் போட்டான். "நாளைக்கு நான் மையத்துக்குப் போகணும் மாமா. சேர்ந்தே போலாம், பஸ்ல."

அக்கா படியிறங்கிப் போய் இன்று பாடம் கிடையாது என்றாள்.

"ஏன், சாருக்கு இருமலா? எப்பவும் இருமல் மருந்து வாசனை வருமே."

"இருமல் எனக்கும்மா. மருந்துதான் அவருக்கு."